முன் சக்கரத்துச் சிலந்தி

நின்ற இடத்தில் நின்ற கார் ஒன்று அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தது. அதுதான் வழக்கு.

அதைக் கொண்டுவந்தவர் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண். எங்கள் அலுவலகம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. நடுவில் பலகை வைத்துத் தடுத்து, முன்பக்கத்துக்கு வரவேற்பு என்றும் பின்பக்கத்துக்கு ஆலோசனை என்றும் அக்கா பெயர் வைத்திருந்தாள். வரவேற்பு நான், ஆலோசனை அவள். வருகிறவர்கள் என்னிடம் சொல்வது அவளுக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் உள்ளே அனுப்பி எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்ல வைப்போம். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொல்கிறவர்களை அக்கா நம்ப மாட்டாள். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பாள்.

இந்தப் பெண் இரண்டு தடவையும் அழுதார். வேறு வேறு இடத்தில். அக்காவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

கணவர் பம்ப் இன்ஜினீயர். சில வருட ஒப்பந்தத்தில் இந்த ஊருக்கு வந்தபோது அப்பா, அம்மா, மனைவியோடு தன் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நம்பர் பலகையில் இருப்பது இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. எந்தச் சந்திப்பில் நின்றாலும் போலீஸ்காரர் ஒருவர் வந்து, அபராதத்துக்காக இல்லாமல், அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுவிட்டுப் போவாராம்.

வெளிநாட்டுப் பதிவுள்ள வண்டியை இங்கே குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வைத்திருக்கலாம். வண்டிக்காரர் நடுவில் ஊரில் இல்லாவிட்டால் சுங்கத்துறை வந்து அதற்கு சீல் வைக்கும். சீல் வைத்த நாட்கள் கணக்கில் சேராது. ஆனால் அந்த நாட்களில் வண்டியை யாரும் ஓட்டக் கூடாது. ஓட்டினால் பறிமுதல்.

இன்ஜினீயர் தலைமை அலுவலகத்துப் பயிற்சிக்காகச் சில மாதம் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும், இந்தப் பெண் எங்களிடம் வந்ததற்கு முந்தின நாள், சீலை வெட்ட சுங்க அதிகாரி வந்தார். சீல் பத்திரமாக இருந்தது. மீட்டரைப் பார்த்தார். அவர் கடைசியாகப் பார்த்த எண்ணைவிட அறுநூற்றுச் சொச்சம் கூடியிருந்தது. கம்பி வெட்ட எடுத்த கொறட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, மறுநாள் சாயங்காலம் இழுவை வண்டி வரும் என்று சொல்லிவிட்டார்.

பம்ப் நிலையங்கள் எல்லாம் மலைமேல் இருந்தன. அங்கே பஸ் போகாது. சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் இந்த நாட்டில் இருக்க அனுமதி.

"கார் போச்சுன்னா பின்னாடியே நாங்களும் போக வேண்டியதுதான் மேடம்," என்றார் அந்தப் பெண். அழுத இரண்டாவது இடம் அது.

முதல் இடம் என்னிடம் அழுதது. கணவர் காருக்குள் ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்ததாம். சீட் முன்னால் கடைசிவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் ஆறடி. அவருடைய அப்பாவும் ஆறடி. அந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் குள்ளம் இவர் ஒருத்திதான். அப்போதிலிருந்து கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: அறுநூறு கிலோமீட்டரில் என்ன ஊர் இருக்கிறது?

"என்ன ஊர் இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"டேய்," என்றாள் அக்கா பலகைக்குப் பின்னாலிருந்து.

அக்கா அதற்கு முன்னால் பல வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். நசுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தால் போதும், ஓட்டியவர் அப்போது யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்பதுவரை சொல்லுவாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வழக்குகளை எல்லாம் நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சில இடங்களில் நான் சொன்ன நல்ல பதில்கள் கூடுதலாக வந்திருக்கலாம். மறுப்பதற்கு அவள் இல்லை.

நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கார் நின்ற கொட்டகை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சுங்க அதிகாரி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே காவலாம். மடியில் தோல்பை. அதற்குள் ஈயக் குண்டுகள், முறுக்குக் கம்பி, அச்சுப் பதிக்கும் கொறடு. அவருக்கு நான் அப்போதே சீல் சார் என்று பெயர் வைத்துவிட்டேன். கார் ஓடியதைவிட அவருடைய சீல் உடையாமல் கார் ஓடியதுதான் அவருக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. இருபது வருடத்தில் தன் சீலை எலிகூடக் கடித்ததில்லை என்று அக்காவிடம் சொன்னார்.

மீட்டரை நானே பார்க்கிறேன் என்று சொல்லி, கதவைத் திறந்து கம்பீரமாக உள்ளே உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை, மீட்டர் இல்லை, கையுறை வைக்கும் பெட்டிதான் இருந்தது.

"அந்த நாட்டுக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம் சார்," என்றார் இன்ஜினீயர். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று அவர் மனைவி பின்னால் சொன்னார்.

சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் நடுக்கம்பியையும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து முறுக்குக் கம்பி கட்டியிருந்தது. முடிச்சில் ஈயம், ஈயத்தில் அச்சு. ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை கூடத் திருப்ப முடியவில்லை. சீல் வைத்த அன்று பெட்ரோல் டாங்க் நிறைய இருந்ததாம்; இப்போது முள் படுத்துக் கிடந்தது. சாவி எப்போதும் போலச் சமையலறை ஆணியில்தான் தொங்கியதாம், யாரும் எடுக்கலாம்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடி கொஞ்சம் சாய்ந்து, பின்பக்கத்துக்குப் பதிலாகப் பக்கவாட்டில் இருக்கும் சமையலறைக் கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். நான் கைக்குட்டையை விரிப்பதற்குள் படுத்தே விட்டாள்.

"தம்பி, இங்க வந்து பாரு. குடும்பத்தோட இருக்காங்க."

முன் சக்கரத்துக்கும் அதன் மேலிருந்த மட்கார்டுக்கும் நடுவில் சிலந்தி வலை. சின்ன வலை இல்லை. பரம்பரைச் சொத்து மாதிரி அகலம். நடுவில் பெரிய சிலந்தி, ஓரத்தில் குஞ்சுகள், போன மாதத்து ஈக்கள். வலைமேல் தூசி படிந்து கம்பளியாகியிருந்தது. மறுபக்க முன் சக்கரத்திலும் அப்படியே.

"அப்போ கார் ஓடலை," என்றேன்.

"பின்னாடி போய்ப் பாரு."

பின் சக்கரங்களில் நூலாம்படைகூட இல்லை. ரப்பர் பளபளவென்று இருந்தது. கீழே சிமெண்ட் தரையில் சக்கர அச்சுக்கு நேராகச் சதுரமாக இரண்டு தடம்.

"அக்கா, இந்தக் கார் பின்னங்கால்ல மட்டும் நடந்திருக்கு."

சீல் சார் இதைச் சிரிப்பில்லாமல் கேட்டு, அப்படி நடந்தால் அதற்குத் தனி விதி இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தார். அக்கா எழுந்து புடவையைத் தட்டினாள். இப்படிப்பட்ட சமயங்களில் நான் சொல்கிற எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை என்றால், நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

கொட்டகையின் பின்சுவரில் அடியில் காற்றுக்காக விட்ட ஓட்டை ஒன்று. அதன் ஓரமெல்லாம் கறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாண்டரி. ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். லாண்டரிக்கார அம்மா எங்களைப் பார்த்ததும், கார்ப்பரேஷன் ஆட்களா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நாளாகக் கடைசி வரிசைத் துணியில் மட்டும் புகைக்கறை விழுந்துகொண்டிருந்ததாம். மனு கொடுத்து அலுத்துப்போய், தானே குடையைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு நடுவில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. துணி மட்டும் கறுத்ததாம்.

எப்போது என்று அக்கா கேட்டாள். மத்தியானம், மெஷின் எல்லாம் ஓடுகிற நேரம் என்றார். அந்த மெஷின்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது; நாங்கள் மூன்று பேரும் ஒருவர் காதில் ஒருவர் கத்தித்தான் இவ்வளவும் பேசினோம். புகை நின்றுவிட்டதா என்று அக்கா கத்தினாள். ஒரு வாரமாக இல்லை, கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அவர் கத்தினார்.

"பெட்ரோல் தீர்ந்திருக்கும்," என்றேன் நான், அக்கா காதில்.

திரும்பி வரும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதை அக்காவிடம் சொல்லாமல் நேராக வீட்டுக்குள் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட சந்தர்ப்பம் அதிகம் வந்ததில்லை.

இன்ஜினீயரின் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாற்பது வருடம் தொலைதூர பஸ் ஓட்டியவர். உட்கார்ந்திருக்கும்போதும் இரண்டு கையையும் வட்டமாகவே வைத்திருப்பார். அவரைப் பார்த்துச் சொன்னேன்: பெரியவரே, மகன் இல்லாதபோது காரின் பின்பக்கத்தை முட்டுக் கட்டை வைத்துத் தூக்கினீர்கள். பின் சக்கரத்தில் ஓடும் பழைய மாடல் இது. சீல் கட்டிய ஸ்டியரிங்கோடு உள்ளே உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, கியர் மாற்றி, சக்கரத்தை அந்தரத்தில் சுற்ற விட்டீர்கள். மீட்டர் ஓடியது, கார் ஓடவில்லை. வண்டி ஓட்டாமல் இருக்க உங்களுக்குக் கை நமநமத்தது.

சீல் சாரின் முகம் மலர்ந்தது. அவருடைய சீல் நிரபராதி.

பெரியவர் கோபப்படக்கூட இல்லை. முட்டு வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியை அப்படியே விட்டால் டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கையில் இருந்தது இரண்டே முட்டு, அதனால் பின்னால் மட்டும் வைத்தார். மகன் வந்ததும் இறக்கிவிட்டார். ஆனால் இன்ஜினைத் தொடவில்லை. மத்தியானம் தினமும் அவர் சீட்டாடப் போய்விடுவார். எட்டுப் பேர் சாட்சி.

"நாற்பது வருஷம் மலைப்பாதையில ஐம்பது உயிரை வச்சு ஓட்டினவன்," என்றார். "நான் போய்க் கொட்டகையில மரக்குதிரை ஆடுவனா?"

கார் சீட்டும் அவரைக் காப்பாற்றியது. ஆறடிக்காரர் அத்தனை முன்னால் இழுத்துவிட்ட சீட்டில் மடிந்துதான் உட்கார முடியும். இன்ஜினீயர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நான் கேட்ட குற்றவாளி கிடைக்கவில்லை. கேட்காத குடும்பச் சண்டை கிடைத்துவிட்டது. வாசலில் இழுவை வண்டியின் சத்தம் கேட்டது. சீல் சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா, டீ கிடைக்குமா என்று கேட்டாள்.

இன்ஜினீயரின் அம்மா டீ போட்டுக்கொண்டு வந்தார். சின்ன உருவம், சத்தமில்லாத நடை. காரில் ஏறினாலே தலை சுற்றும், பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவார் என்று மருமகள் சொல்லியிருந்தார். கதவைத் திறக்கக்கூட யாராவது வர வேண்டுமாம். அக்கா அவரையும் உட்காரச் சொன்னாள். எல்லாரும் கண்ணாடி மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

இழுவை வண்டி காத்துக்கொண்டிருக்க, அக்கா கதை சொல்ல ஆரம்பித்தாள். சர்வேயராக இருந்த காலத்தில் ஒரு மலையிறக்கம். மழை. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் திரும்புகிறாள். கதையை இழுத்தாள், டீயைக் குடித்தாள், மறுபடி இழுத்தாள். எனக்கே இந்தக் கதை புதிது. வளைவு முடிகிற இடத்தில், திடீரென்று, மூக்குக்கு நேரே ஒரு லாரி.

அதோடு நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

எல்லாரும் பார்த்தோம். கண்ணாடி மேஜை, கால்கள் எல்லாம் தெரிந்தன. இன்ஜினீயரின் இரண்டு காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. அவர் மனைவியின் இரண்டு காலும். பெரியவரின் இரண்டு காலும் தரையைத் துளைத்துவிடும் போல. சீல் சாரின் பூட்சும் அப்படியே. நான் மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

இன்ஜினீயரின் அம்மாவின் வலது கால் பிரேக்கில் இருந்தது. இடது கால் கிளட்சில் இருந்தது. வலது கை, இல்லாத கியரைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

"ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் அந்தரத்துல அறுநூறு கிலோமீட்டர் போக மாட்டாங்க," என்றாள் அக்கா. "கத்துக்கிறவங்கதான் போவாங்க. இந்த வீட்டுல ஓட்டத் தெரியாதவங்க ஒருத்தர்தான். எந்த கியர் வரைக்கும் வந்தீங்கம்மா?"

அந்த அம்மா டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலாவது," என்றார். "நாலுக்குப் போறப்ப மட்டும் கொஞ்சம் உறுமுது."

பெரியவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அந்த அம்மா யாரையும் பார்க்காமல், தம்ளரைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு தரம் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டாராம். கணவர் சிரித்த சிரிப்பில் மறுபடி கேட்கவில்லை. இங்கே வந்து, மத்தியானம் வீடு காலியாக இருக்க, கார் காலைத் தூக்கிக்கொண்டு கொட்டகையில் நிற்பதைப் பார்த்தார். எங்கேயும் போகாத கார். யாரையும் இடிக்காது. கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவு தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பிவைத்துக்கொண்டு, தினமும் கொஞ்ச தூரம் போய்வந்தார். தலை சுற்றவில்லையா என்று மருமகள் கேட்டார்.

"அடுத்தவங்க ஓட்டினாதான் சுத்துது."

இன்ஜினீயர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். அந்தப் பெண் கையை விடுவித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கொடுத்தார்.

ஆனால் சீல் சார் கரையவில்லை. கதை நன்றாக இருக்கிறது என்றார். காரைக் காப்பாற்றக் குடும்பமே சேர்ந்து மாமியாரை முன்னால் தள்ளுகிறது என்று மேலதிகாரி சொல்வார். சிலந்தியையும் காலையும் ஆபீசில் காட்ட முடியாது. கார் தெருவில் இறங்கவில்லை என்பதற்கு அவர் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும்.

அக்கா யோசித்தாள். பிறகு, சீலை எப்படியும் வெட்டத்தானே போகிறீர்கள், வெட்டிவிட்டு இந்த அம்மாவையே வாசல்வரை ஓட்டச் சொல்லுங்கள் என்றாள். இன்ஜினீயர் கேனில் கொஞ்சம் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார். சீல் சார் கம்பியை வெட்டினார். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் இருந்த துக்கத்தை நான் சாவு வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். நான் ஒரு குச்சியை எடுத்து, சிலந்திக் குடும்பத்தை வேறு வீட்டுக்கு மாற்றினேன்.

கொட்டகையிலிருந்து வெளியே வந்தால் இடது பக்கம் சற்றுத் திரும்பினால்தான் கேட். நேரே போனால், வீட்டுக்காரர் மதில் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியல்.

அந்த அம்மா ஏறினார். சீட்டைத் தன் அளவுக்கு இழுத்துக்கொண்டார். சாவி, கிளட்ச், கியர். கார் குலுங்காமல், தயிர் தளும்பாத மாதிரி புறப்பட்டது. கொட்டகையைத் தாண்டியது. இரண்டாவது கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. பெரியவர் தன்னை அறியாமல் தலையை ஆட்டினார். கேட் இடது பக்கம் வந்தது. கேட் இடது பக்கமாகவே போய்விட்டது. கார் கோடு போட்டாற்போல நேராகப் போய், மணல்மேல் மூக்கை ஏற்றிக்கொண்டு நின்றது.

உள்ளே அவர் எதையும் விடவில்லை. பிரேக். கிளட்ச். நியூட்ரல். கைபிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைத்தார். எல்லாம் வரிசையாக, அழகாக.

சீல் சார் ஓடிப்போய், ஏன் திருப்பவில்லை என்று கேட்டார்.

"எதை?" என்றார் அந்த அம்மா.

ஸ்டியரிங்கை என்றார்.

"இது திரும்புமா? இத்தனை நாள் திரும்பவே இல்லையே. பிடிச்சுக்கறதுக்குன்னு நெனச்சேன்."

சீல் சார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். தன் சீல் எத்தனை நேர்மையாக வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி அவருக்கு வாழ்க்கையில் கிடைத்திருக்காது. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்: "இந்த அம்மா இந்த கேட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பே இல்லை மேடம்." இழுவை வண்டிக்காரரைப் போகச் சொல்லிக் கையை வீசினார். அவர் போகாமல், மணலிலிருந்து காரை இறக்க நாங்கள் கூப்பிடுவோம் என்று நின்றார்.

அக்கா கொட்டகைச் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நினைத்தால் எனக்கு முதலில் அந்தச் சுவர்தான் வருகிறது.

பெரியவர் மணல் குவியலுக்கு நடந்தார். நாங்கள் எல்லாரும் சிரிப்பை நிறுத்தினோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. இறங்காமல், முன்னால் மணலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஜன்னல் பக்கம் குனிந்து நின்றார். பெடலில் இன்னும் இருந்த மனைவியின் காலைப் பார்த்தார்.

"கிளட்ச்சை நல்லா விடறே," என்றார்.

பிறகு சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து, தன் வாழ்நாளில் உட்காராத அந்த சீட்டில், முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.